நெல்ஸுக்கு விட்ட இடம்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நானும் உங்களைப் போல இருந்தவன்தான். ஜூன் மாத வெயிலில், பட்டப்பகலில், கூட நாற்பது பேர் வரும்போது பேய் வந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், எத்தனை பீர் உள்ளே போனது என்று கேட்டிருப்பேன்.

என் பெயர் ராய்ஸ். ஊர் வயோமிங்கில் பஃபலோ. குளிர்காலத்தில் மலைச்சாலையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறேன். கோடை வந்தால் மோட்டார் சைக்கிள். இங்கே பாதி ஊருக்கு இதே வியாதிதான்.

என்னிடம் இருந்தது நெடும்பயணத்துக்கான நீல வண்டி. நானூறு கிலோ. பக்கத்துக்கு ஒரு பெட்டி, ரேடியோ, பின்சீட்டில் சாய்மானம், கைவைத்துக்கொள்ளக் கட்டை, எல்லாம் உண்டு. சமதரையில் ராஜா மாதிரி போகும். மலை ஏறும்போதுதான் மானம் போகும். பின்னால் என் மனைவி நோரீனும் மூட்டை முடிச்சும் இருந்தால், குதிரை ஏற்றிவரும் லாரிகூட என்னைத் தாண்டிப் போய்விடும்.

லாரி தாண்டினால் பொறுத்துக்கொள்வேன். நெல்ஸ் தாண்டுவதைத்தான் பொறுக்க முடியாது.

நெல்ஸ் எனக்கு இருபத்திரண்டு வருட நண்பன். ஒரே ரக வண்டி, ஒரே வருடம் வாங்கியது. ஆனால் அவன் சத்தம் போடாமல் தன் என்ஜினைப் பிரித்துப் பெரிதாக்கிவிட்டான். நாங்கள் குழுவாக இரண்டு வரிசையில் போவோம். முன்வரிசையில் இடப்பக்கம் குழுத்தலைவர் ஹார்லன், வலப்பக்கம் நெல்ஸ். நெல்ஸுக்கு நேர் பின்னால் நான். கணவாய்க்கு மேலே நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது, அவன் இறங்கி நின்று காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

"சோபாவுக்குச் சக்கரம் கட்டி ஓட்டுற மாதிரி இருக்குடா. கொஞ்சம் எறங்கித் தள்ளேன், சீக்கிரம் வந்துடுவ" என்பான். அவன் மனைவி மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போதும் என்று முடிவு செய்தேன். டிசம்பரில் வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றி என்ஜினைப் பிரித்தேன். பழைய சிலிண்டர்களைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போட்டேன். பெரிய பிஸ்டன், புதிய கேம், அழுத்தமான கிளட்ச் ஸ்பிரிங். 1700 சிசி வண்டி 2030 சிசி ஆனது. விரலெல்லாம் வெடித்து, மூன்று முறை ஒரே கேஸ்கட்டைத் தப்பாகப் போட்டு, நோரீன் என்னோடு பேசுவதையே நிறுத்தி... எப்படியோ முடித்தேன்.

புதிதாகக் கட்டிய என்ஜினை எடுத்தவுடன் ஓட்டக் கூடாது. ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிட வேண்டும். மறுபடி ஓடவிட்டு, மறுபடி ஆறவிட்டு, இப்படி மூன்று முறை. பிறகு ஐந்நூறு மைல் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது போல ஓட்ட வேண்டும். அவ்வளவும் செய்தேன்.

என்ஜின் முதல்முறை உறுமியது பிப்ரவரி 20. அதைக் கேட்டு முகம் சுருங்க வேண்டிய ஆள் பதினொரு நாளுக்கு முன்பே போய்விட்டான். வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த நெல்ஸ் அப்படியே உட்கார்ந்து செத்துப்போனான். மாரடைப்பு.

அழுதேன். கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏமாற்றமாகவும் இருந்தது. யாரைத் தோற்கடிக்க இவ்வளவு பாடுபட்டேன்?

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவன் நினைவாக ஊர்வலம். பஃபலோவிலிருந்து மலை ஏறி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் டென் ஸ்லீப் வரை. அறுபத்து நான்கு மைல். இப்படிப் போகும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போனவனுடைய இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். தலைவனுக்குப் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகவே கடைசிவரை ஓடிவரும். அதற்குள் யாரும் நுழையக் கூடாது.

பெட்ரோல் பங்கில் ஹார்லன் எல்லோரையும் கூட்டி வைத்து ஒருமுறை சொன்னார். பிறகு என்னைத் தனியாகப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். என் என்ஜின் விஷயம் அவருக்குத் தெரியும்.

"நெல்ஸ் எடம் உனக்கு நேர் முன்னாடி இருக்கு. கை அரிக்கும். அடக்கிக்க."

நோரீன் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தாள். அதனால் என் பின்சீட்டில் மார்லிஸ். அவளாகவே கேட்டாள். மஞ்சள் கோட்டு போட்டிருந்தாள். அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக நோரீனிடம் சத்தியம் செய்திருந்தேன்.

சரியாக 10.00 மணிக்குக் கிளம்பினோம்.

புது என்ஜின் மலை ஏறியதே தெரியவில்லை. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. எப்போதும் கியரைக் குறைத்து முக்குகிற ஏற்றத்தில் என் வண்டி இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கேட்டது. எனக்கு முன்னால் ஒரு வண்டி அளவுக்குக் காலி இடம். அதற்கு முன்னால் வெறும் சாலை. இருபத்திரண்டு வருடமாக நான் பார்க்காத சாலை அது.

பிறகு இதைச் சொல்லும்போதெல்லாம் தவறுதலாக நுழைந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். அது பொய். வேண்டுமென்றேதான் முறுக்கினேன்.

கடிகாரத்தில் 10.46.

ஒரே உந்தல். நெல்ஸின் இடத்துக்குள் போய்விட்டேன்.

ஹார்லன் என் இடக்கைப் பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரம். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. லேசாக ஹார்ன் அடித்தேன். ஊஹூம்... காதில் விழாத மாதிரி சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரொம்பக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகுதான் குளிர் தெரிந்தது. தலைக்கு மேல் வெயில். எதிரில் பாறைகளெல்லாம் பளபளக்கின்றன. எனக்கு மட்டும் முதுகு சில்லென்றது.

10.49. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என் இடுப்பைச் சுற்றிக்கொண்டன.

பாவம், மார்லிஸ் அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் இந்த மாதிரி வண்டியில் யாரும் ஓட்டுபவரைப் பிடிப்பதில்லை. சாய்மானம் இருக்கிறது, கட்டை இருக்கிறது. நோரீன் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னைப் பிடித்ததில்லை. ஆறுதலாக அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

என் கையுறை தடிமனான தோல். அதையும் தாண்டி அந்தக் கையின் குளிர் எனக்குத் தெரிந்தது.

சரி, இந்த இடத்தை விட்டுப் பின்வாங்கிவிடலாம்... ஆக்சிலரேட்டரை விட்டேன்.

வேகம் குறையவில்லை.

முழுக்க மூடினேன். என்ஜின் சத்தம் அடங்கியது. ஆனால் வேக முள் ஏறியது. 50... 53... ஏற்றத்தில், மூடிய ஆக்சிலரேட்டரோடு, நானூறு கிலோ வண்டி ஏறிக்கொண்டே போகிறது. ஹார்லன் அதே வேகத்தில் பக்கத்திலேயே வருகிறார். இன்னும் திரும்பவில்லை.

10.53. கணவாயின் உச்சி. இனி இறக்கம்.

பின்னால் யார் வருகிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்தேன். நான் விட்டுவந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

காலியாக இல்லை.

அங்கே ஒரு நீல வண்டி வந்துகொண்டிருந்தது. என் வண்டி மாதிரியே.

அதன் பின்சீட்டில் மஞ்சள் கோட்டு. மார்லிஸ்.

கண்ணை மூடி, சாய்மானத்தில் தலையைச் சாய்த்து, சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால்...

என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்?

குனிந்து பார்க்கத் துணிவு வரவில்லை. பிடி இறுகியது. மூச்சு முட்டியது. முதுகில் ஒரு தலை வந்து சாய்ந்தது.

முதல் வளைவு. திரும்பினேன்.

இரண்டாவது வளைவு. பிரேக் பிடித்தேன். சக்கரம் கீச்சிட்டது. வேகம் குறையவில்லை.

மூன்றாவது வளைவு. அதற்குத் தடுப்பு கிடையாது. கீழே எண்ணூறு அடி.

வண்டி திரும்ப மறுத்தது.

அந்த வளைவின் வலப்பக்கம், பனி லாரியைத் திருப்புவதற்காக நாங்கள் கொட்டி வைத்த சரளை மேடு ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்குப் புல்தான் தெரியும். நான் அங்கே பதினாறு வருடமாக லாரி திருப்புகிறவன்.

கிளட்சைப் பிடித்தேன். சிவப்புச் சுவிட்சைத் தட்டி என்ஜினை அணைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சரளையில் இறக்கினேன்.

நின்றது.

10.57.

நிசப்தம். என்ஜின் சூட்டில் டிக்... டிக்... என்ற சத்தம் மட்டும்.

ஊர்வலம் என்னைத் தாண்டிப் போனது. ஒருவரும் திரும்பவில்லை. நீல வண்டி போனது. ஓட்டியவனின் ஹெல்மெட் கண்ணாடி கறுப்பு. முகம் தெரியவில்லை. நம்பர் தெரிந்தது. என் நம்பர்.

கடைசி வண்டியும் வளைவில் மறைந்தது.

அப்போது... என் இடுப்பிலிருந்து கைகள் மெல்ல விலகின. பின்பக்க ஸ்பிரிங் ஒரு பெருமூச்சோடு மேலே எழும்பியது. பின்னால் இருப்பவர் இறங்கினால் எழும்புமே, அப்படி.

சரளையில் ஒரு காலடிச் சத்தம். இன்னொன்று.

பிறகு எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ. திரும்பிப் பார்த்தபோது பின்சீட் காலி. உடனே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்ததெல்லாம் என் மூளைக் கோளாறு என்றால், மார்லிஸ் எங்கே? வழியில் விழுந்துவிட்டாளா? செல்போனில் சிக்னல் இல்லை. நான்காவது முறைதான் வண்டி கிளம்பியது. வந்த வழியே திரும்பி, சாலையின் இரண்டு பக்கமும் பள்ளம் பள்ளமாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மஞ்சள் பூச்செடி ஒவ்வொன்றும் அவள் கோட்டாகத் தெரிந்தது. நெல்ஸ் இடத்துக்கு ஆசைப்பட்டு அவன் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எங்கும் காணாமல், மறுபடி மலை இறங்கி டென் ஸ்லீப் போய்ச் சேரும்போது 12.50. உணவகத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் மார்லிஸ்.

உயிரோடு இருக்கிறாள். அந்த நிம்மதியில் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள்தான் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எங்க போன ராய்ஸ்? 11.41க்கு என்ன எறக்கி விட்டுட்டு ஒரு வார்த்த பேசாம போயிட்ட."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒன்னு கேக்கணும். கணவாய்க்கு முன்னாடி இருந்து, ஒவ்வொரு வளைவுக்கும் என் முழங்கால ரெண்டு தடவ தட்டினியே. அது நெல்ஸ் பண்றது. எங்க ரெண்டு பேருக்குதான் தெரியும். உனக்கு யாரு சொன்னா?"

நான் தட்டவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் வண்டியில் ஒட்டியிருந்த சரளை மண்ணைப் பார்த்தாள். எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பயப்படவில்லை.

ஹார்லனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். எதற்கு என்று கேட்டார். நான் என் இடத்தை விட்டு அசையவே இல்லையாம். நெல்ஸ் இடம் கடைசிவரை காலியாகவே வந்ததாம். அவர் ஐம்பது தடவை பார்த்தாராம்.

ஆகஸ்டில் மார்லிஸ் என் வீட்டுக்கு வந்தாள். நோரீன் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அடுத்த வருஷமும் போலாம். நீ அந்த எடத்துக்குப் போ. எனக்கு ஒரு மணி நேரம் போதும்."

என் இடுப்பைப் பிடித்த கைகளைப் பற்றி அன்றுதான் அவளிடம் சொன்னேன். மூன்றாவது வளைவைப் பற்றியும் சொன்னேன். இன்னொரு முறை போனால் உயிரோடு திரும்ப மாட்டேன் என்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உன் பின்னாடி என்ன உக்காந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேணாம் ராய்ஸ். என் முன்னாடி அவர் இருந்தாரு."

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செப்டம்பரில் வண்டியை விற்றேன். வாங்கியவன் டோபின், வோர்லண்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். முப்பத்து நான்கு வயது. என்ஜின் சத்தத்தைக் கேட்டதுமே அவனுக்குக் கண் விரிந்துவிட்டது. என்ஜினைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். எந்த எண்ணெய், எவ்வளவு இறுக்கம், கிளட்ச் எப்படி, எல்லாம். அந்த இடத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

அடுத்த ஜூன் ஊர்வலத்துக்கு நான் போகவில்லை. மார்லிஸ் போனாள். டோபினுடைய பின்சீட்டில். பெட்ரோல் பங்கில் அவள் அவனிடம் சொன்னதை ஹார்லன் கேட்டிருக்கிறார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்.

"பின்னாடியே உருட்டிட்டு வரவா இவ்ளோ பெரிய என்ஜின்? முன்னாடி எடம் சும்மாதான கெடக்கு."

திங்கட்கிழமை ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். என்ஜினைக் கட்டியவன் நான் என்பதால், ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டா என்று கேட்டாள். பிறகு அவளே, அப்படி இருக்காது, எடுத்துப் பார்த்தபோது அது முழுக்க மூடியிருந்தது என்றாள். சாலையில் பிரேக் பிடித்த தடம் நூற்றுப் பத்து அடி. மூன்றாவது வளைவு. சரளை மேட்டுக்கு நாலே அடி தள்ளி வண்டி நேராகப் போய்விட்டது. டோபினின் உடலைக் கீழேதான் எடுத்தார்கள்.

எதிர்ப்பக்கம் கேம்ப் போட்டிருந்த ஒரு குடும்பம் பார்த்திருக்கிறது. உடனே தங்கள் சாட்டிலைட் போனில் அழைத்திருக்கிறார்கள். அழைப்பு பதிவான நேரம் 11.02. வண்டியில் இரண்டு பேர் என்று சத்தியம் செய்தார்களாம். பின்னால் இருந்தவர் ஓட்டியவனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் தலையைச் சாய்த்திருந்தாராம். விழும்போதுகூடக் கையை விடவில்லையாம். அந்த இரண்டாவது ஆளை நாய்களை விட்டு இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

டென் ஸ்லீப் உணவக வாசலில் மார்லிஸ் வண்டியை விட்டு இறங்கியபோது மணி 11.44. அங்கே இருந்த நாற்பது பேரையும் அந்த அதிகாரி தனித்தனியாக விசாரித்திருக்கிறாள். நாற்பது பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது டோபின்தான். கையாட்டிவிட்டு, வந்த வழியே மலைப்பக்கம் திரும்பிப் போனான்.